பிரமகுப்தர்

இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தை மனனஞ் செய்யாது அட்சரகணிதம் பயின்றார் நம்முள் இலர். விடையில் மறைக்குறி தோன்றக் கண்டு, கணக்குப் பிழைத்ததென அஞ்சி அழித்தெழுதியோரும் உளர். அம்மறையெண்ணுக்கு அஞ்சாதவர் ஒருவரை இங்கு நினைவுகூர விழைகின்றோம்.

பிரமகுப்தர் கி.பி. 598இல் ஜிஷ்ணு என்பாரின் மைந்தராய்ப் பிறந்தார். இன்றைய இராசத்தானத்திலுள்ள பில்லமாலம் என்னும் நகரோடு அவர் பெயர் இணைத்துப் பேசப்படும். முப்பதாம் வயதில், 628இல், பிரமஸ்புடசித்தாந்தம் என்னும் வடமொழிச் செய்யுள் நூலை இயற்றினார். வானநூலேயாயினும் அதன் பதினெட்டாம் அதிகாரம் அட்சரகணிதத்துக்கு உரியது.

ஆண்டு அவர் கூறும் விதி இது: வர்க்கமும் முதற்படியும் ஒருபுறமும் தனியெண் மறுபுறமும் நிற்க, தனியெண்ணை வர்க்கக் குணகத்தின் நான்மடங்காற் பெருக்கி, முதற்படிக் குணகத்தின் வர்க்கத்தைக் கூட்டி, வர்க்கமூலங் கண்டு, அதிலிருந்து முதற்படிக் குணகத்தைக் கழித்து, வர்க்கக் குணகத்தின் இருமடங்கால் வகுத்தல் வேண்டும். ஓரெண்ணின் வர்க்கத்தினின்றும் அவ்வெண்ணின் பத்து மடங்கைக் கழிக்க மறை 9 வருமெனக் கொள்வோம். மறை 36உடன் 100ஐக் கூட்ட 64, மூலம் 8, மறை 10ஐக் கழித்தல் 10ஐக் கூட்டலேயாதலின் 18, இரண்டால் வகுக்க விடை 9.

நேரெண்ணைச் செல்வமென்றும் மறையெண்ணைக் கடனென்றும் கொண்டு, பூச்சியத்தோடு அவற்றைக் கூட்டவும் பெருக்கவும் அவர் விதி செய்திருந்தமையாலேயே இது கைகூடிற்று. ஏறத்தாழ இருநூறாண்டுகளின் பின் பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் அல்குவாரிசுமி, மறைக் குணகங்களை ஏலாமையால் சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்தே ஆராய வேண்டியதாயிற்று.

பிரமகுப்தரிடத்துக் குறைகளும் உள. மேற்கூறிய கணக்குக்கு 1 என்னும் மற்றொரு விடையும் உண்டு. அவர் விதி ஒன்றையே தரும். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்கப் பூச்சியமே வருமென்றார். பூமி சுழல்கின்றதென்ற ஆரியபட்டரைக் கடுமையாகச் சாடினார். இவ்விடம் நமக்குச் சிறிது வருத்தந் தருவதே. பூமி சுழலுதல் இன்று சிறுவரும் அறிந்த உண்மையன்றோ!

எனினும் 665இல், தமது அறுபத்தேழாம் வயதில், கண்டகாத்தியகம் என்னும் கணிப்பு நூலை எழுதியபோது, நள்ளிரவை நாட்டொடக்கமாகக் கொண்ட ஆரியபட்டரின் முறையையே அதன் முற்பகுதிக்கு அடிப்படையாகக் கொண்டார்.