லிங்கனை தனியாக விடாத நண்பர்கள்... மன அழுத்தத்தில் இருந்து அவர் மீண்டது எப்படி?

ஆப்ரகாம் லிங்கன் என்றதும் அடிமை முறைக்கு முடிவு கட்டிய அமெரிக்காவின் 16வது அதிபர்தான் நினைவுக்கு வருவார். ஆனா, 32 வயதுக்குள் இரண்டு முறை வாழ்க்கையே வேண்டாம் என்ற நிலைக்குப் போனவர் அவர். அவரைச் சுற்றி இருந்தவர்கள் அப்போது என்ன செய்தார்கள்? பார்க்கலாம்.

அடுத்தடுத்த இழப்புகள்

1809ல் கென்டக்கியில் பிறந்த லிங்கன், 9 வயதில் தாயை இழந்தார். 1828ல் அக்கா சாராவும் இறந்தார். 1835ல் நியூ சேலம் ஊரில் அவருக்கு நெருக்கமாக இருந்த ஆன் ரட்லெட்ஜ் காய்ச்சலில் உயிரிழக்க, லிங்கன் உடைந்தே போனார். அவர் ஏதாவது செய்துகொள்வாரோ என்று பயந்த ஊர்க்காரர்கள், ஆளுக்கு ஆள் கவனித்துக்கொண்டார்கள். பவுலிங் கிரீன் தம்பதி, தங்கள் வீட்டிலேயே தங்கவைத்துப் பார்த்துக்கொண்டனர்.

1841 ஜனவரியில் நடந்தது என்ன?

மேரி டாட் உடனான திருமணப் பேச்சு முறிந்தது. ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர் ஜோஷுவா ஸ்பீடும் ஊரை விட்டுக் கிளம்பும் நேரம். சட்டமன்றத்துக்குக்கூட சில நாட்கள் போக முடியாமல் முடங்கினார் லிங்கன்.

ஸ்பீட் பெரிய அறிவுரை எதுவும் சொல்லவில்லை. முதலில், ஆபத்தான பொருட்களை எல்லாம் அறையில் இருந்து அப்புறப்படுத்தினார். இப்படியே இருந்தால் பிழைக்க மாட்டாய் என்று நேருக்கு நேர் பேசினார். சாகத் தயங்கவில்லை, ஆனால் தான் வாழ்ந்ததை யாரும் நினைத்துப் பார்க்கும்படி எதையும் செய்யவில்லையே என்பதுதான் லிங்கனின் பதில். அந்த ஏக்கமே அவரைப் பிடித்து நிறுத்தியது.

அதே ஆண்டு ஆகஸ்டில், லூயிவில் அருகே உள்ள ஸ்பீட் குடும்பத்தின் பண்ணை வீட்டுக்குப் போனார். அங்கே சில வாரங்கள் ஓய்வு, நடை, பேச்சு, ஸ்பீடின் அம்மாவின் அன்பு. கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார்.

வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தார்

அடுத்த சில மாதங்களில் நிலைமை தலைகீழ். திருமணத்தை நினைத்து ஸ்பீட் பதற்றத்தில் தவிக்க, கடிதம் மேல் கடிதம் எழுதித் தேற்றினார் லிங்கன். 1842 பிப்ரவரியில் ஸ்பீடுக்குத் திருமணம். நவம்பரில் மேரியை லிங்கனும் கரம்பிடித்தார்.

1862ல் அவரது 11 வயது மகன் வில்லி இறந்தான். உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த அந்த டிசம்பரில், போரில் அப்பாவை இழந்து அறைக்குள்ளேயே அடைந்து கிடந்த ஃபேனி மெக்கல்லோ என்ற இளம்பெண்ணுக்கு அதிபரே கடிதம் எழுதினார். அழாதே என்று சொல்லவில்லை. வலி உடனே போகும் என்றும் சொல்லவில்லை. இப்போது நம்ப முடியாது, ஆனாலும் காலம் போகப்போக மனம் லேசாகும்; அனுபவித்தவன் சொல்கிறேன் என்பதே அதன் சாரம்.

1863ல் அடிமைகள் விடுதலைப் பிரகடனம் வெளியானது. நினைவில் நிற்க எதுவும் செய்யவில்லையே என்று ஒருகாலத்தில் ஏங்கியதை, ஸ்பீடிடம் லிங்கனே நினைவுபடுத்திப் பேசினார்.

நாம் செய்ய வேண்டியது என்ன?

மன அழுத்தம் லிங்கனை முழுசாக விட்டுப் போகவில்லை. ஆனால் ஆபத்தான நாட்களைக் கடக்க ஆள் இருந்தார்கள். உங்கள் நண்பரோ உறவினரோ இப்படித் தவித்தால், தனியே விடாதீங்க. தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உருவாகிவிடாது. குறுக்கிடாமல் கேளுங்க, மருத்துவரிடம் கூடவே போங்க.

(தற்கொலை எந்தப் பிரச்னைக்கும் தீர்வல்ல. உதவிக்கு: டெலி மனாஸ் 14416, தமிழக அரசின் 104, சினேகா 044-24640050)