சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ்

சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ் (ஏப்ரல் 16, 1850 – பெப்ரவரி 1, 1885) ஓர் ஆங்கிலேயக் கண்டுபிடிப்பாளர் ஆவார். பாஸ்பரசு மிகுந்த இரும்பில் இருந்து நல்ல எஃகு செய்யும் காரப் பெசமர் முறையை உருவாக்கியவர் இவர். இது தாமஸ்–கில்கிறிஸ்ட் முறை எனவும் அழைக்கப்படுகிறது. இம்முறையில் கிடைத்த கசடு, தாமஸ் கசடு என்னும் பெயரில் வயல்களுக்கு உரமாயிற்று. எஃகு ஆலைக் கழிவு பெருமளவில் பயன்படு பொருளாக மாறியதற்கு இது ஒரு முன்னோடி எடுத்துக்காட்டு ஆகும்.

இளமை

தாமஸ் லண்டனில் கேனன்பரி என்னும் பகுதியில் பிறந்தார். தந்தை அரசு வருவாய்த் துறையில் பணியாற்றியவர். டல்லிச் கல்லூரியில் பயின்ற தாமஸ் மருத்துவம் படிக்க எண்ணியிருந்தார். ஆனால் இவரது 17 ஆவது வயதில் தந்தை இறந்தமையால், குடும்பத்துக்காக வேலைக்குச் செல்ல நேர்ந்தது. சில மாதங்கள் பள்ளி ஆசிரியராக இருந்தபின், லண்டன் காவல் நீதிமன்றத்தில் எழுத்தரானார். 1879 வரை இப்பணியிலேயே இருந்தார்.

பகலில் நீதிமன்றப் பணி முடிந்ததும், மாலையில் பிர்க்பெக் நிறுவனத்தில் வேதியியல் வகுப்புகளுக்குச் சென்றார். அரசு சுரங்கவியல் கல்லூரியின் தேர்வுகளையும் எழுதினார். எனினும் பகல் வகுப்புகளுக்குச் செல்ல இயலாததால் பட்டம் பெறவில்லை.

பாஸ்பரசுச் சிக்கல்

1856 இல் என்றி பெசமர் அறிவித்த முறையில், உருகிய வார்ப்பிரும்பினூடே காற்றைச் செலுத்திச் சில நிமிடங்களில் எஃகு செய்ய முடிந்தது. ஆனால் இரும்பில் உள்ள பாஸ்பரசு இம்முறையில் நீங்கவில்லை. பாஸ்பரசு கலந்த எஃகு குளிர்ந்த நிலையில் எளிதில் உடையும். ஐரோப்பாவின் இரும்புத் தாதுக்களில் பெரும்பகுதி பாஸ்பரசு கொண்டது. அதனால் அவை பெசமர் முறைக்கு உதவாதனவாக இருந்தன.

இதற்குத் தீர்வு காண்பவர் பெருஞ்செல்வம் அடைவார் என்று 1870 இல் பிர்க்பெக் வகுப்பில் ஆசிரியர் ஜார்ஜ் சாலனர் கூறியதைக் கேட்ட தாமஸ், அதையே தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டார். உலையின் உட்பூச்சே காரணம் என்பதை 1875 இன் இறுதிக்குள் இவர் உணர்ந்தார். அப்பூச்சு மணற்சத்து மிக்க, அமிலத் தன்மை உடைய கல்லால் ஆனது. பாஸ்பரசு எரிந்து உண்டாகும் ஆக்சைடும் அமிலத் தன்மை உடையது. ஆதலால் கசடு அதைப் பிடித்து வைப்பதில்லை. பாஸ்பரசு மீண்டும் இரும்புக்கே திரும்புகிறது. உட்பூச்சைக் காரத் தன்மை உடையதாக்கி, உலையில் சுண்ணாம்பும் சேர்த்தால், பாஸ்பரசு சுண்ணாம்புடன் கூடிக் கசடில் தங்கிவிடும்.

ஆய்வுகள்

தாமஸின் உறவினரான பெர்சி கில்கிறிஸ்ட், வேல்சில் பிளேனாவன் இரும்பாலையில் வேதியியலாளராக இருந்தார். சில கிலோகிராம் இரும்பு மட்டுமே கொள்ளும் சிறிய உலையில் 1877 இல் அவர் அங்கு சோதனைகளைத் தொடங்கினார். தாமஸ் லண்டனில் இருந்து கடிதங்கள் வழியாகவும், ஓய்வு நாட்களில் நேரில் சென்றும் பங்கேற்றார். பின்னர் ஆலை மேலாளர் எட்வர்டு மார்ட்டின் பெரிய அளவில் சோதிக்க வசதி செய்து தந்தார். முதல் காப்புரிமை 1877 நவம்பரில் பெறப்பட்டது.

1878 மார்ச்சில் இரும்பு எஃகுக் கழகக் கூட்டத்தில் தாமஸ் தம் முடிவை அறிவித்தபோது எவரும் பொருட்படுத்தவில்லை. சுண்ணாம்பு உட்பூச்சுக்கு 1872 இலேயே ஜார்ஜ் ஸ்னெலஸ் காப்புரிமை பெற்றிருந்தார். ஆயினும் அது தொழில்முறையாக வளரவில்லை. மிடில்சுபரோ நகரின் போல்க்கோ வான் ஆலை மேலாளர் வின்சர் ரிச்சர்ட்ஸ் இம்முறையில் ஆர்வம் கொண்டார். 1879 ஏப்ரல் 4 அன்று அங்கு நிகழ்ந்த சோதனை வெற்றி பெற்றது. அதே ஆண்டிலேயே செருமன் ஆலைகளும் இம்முறையைக் கைக்கொண்டன. லொரேன், லக்சம்பர்க் பகுதிகளின் பாஸ்பரசுத் தாது மதிப்புப் பெற்றது. 1893 இல் எஃகு உற்பத்தியில் செருமனி பிரித்தானியாவை முந்தியதற்கு இம்முறையும் ஒரு காரணமாகும்.

கசடு உரமாதல்

இம்முறையில் ஒரு டன் எஃகுக்கு ஏறத்தாழ 200 கிலோகிராம் கசடு உண்டாயிற்று. அது முதலில் ஆலைகளின் அருகே மலைபோல் குவிந்தது. இரும்புக்குக் கேடாக இருந்த பாஸ்பரசு பயிருக்கு இன்றியமையாத ஊட்டம் என்பதைத் தாமஸ் அறிந்திருந்தார். ஆதலால் கசடை உரமாக்கும் வழிகளைத் தாமே ஆராய்ந்தார்.

பாறைப் பாஸ்பேட்டை உரமாக்கக் கந்தக அமிலம் தேவைப்பட்டது. தாமஸ் கசடுக்கு அது தேவையில்லை. நுண்ணிய மாவாக அரைத்தாலே போதும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. செருமனியில் டார்ம்ஸ்டாட் நகர வேளாண் வேதியியலாளர் பவுல் வாக்னர் தம் ஆய்வுகளால் இவ்வுரத்தைப் பரப்பினார். கசடில் உள்ள சுண்ணாம்பு, புளித்த நிலங்களைத் திருத்தவும் உதவியது. இங்கிலாந்தின் காக்கிள் பார்க் பண்ணையில் 1890களின் பிற்பகுதியில் தொடங்கிய சோதனைகளில், வளம் குன்றிய களிமண் மேய்ச்சல் நிலத்தில் கசடு இட்டபின் வெண்தீவனப்புல் செழித்து வளர்ந்தது.

இறுதிக் காலம்

இடைவிடாத உழைப்பால் தாமஸின் நுரையீரல் நோயுற்றது. 1883 இல் இவருக்கும் ஸ்னெலசுக்கும் பெசமர் பொற்பதக்கம் வழங்கப்பட்டது. உடல்நலம் நாடி நீண்ட கடற்பயணம் மேற்கொண்டார், அல்ஜீரியாவிலும் தங்கினார். அப்போதும் கசடு பற்றிய ஆய்வைக் கைவிடவில்லை. 1885 இல் தம் 34 ஆவது வயதில் பாரிசில் காலமானார். பாசி இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். தம் செல்வத்தின் பெரும்பகுதியைப் பொதுநலப் பணிகளுக்கென விட்டுச் சென்றார்.

பிற்காலம்

1952 இல் ஆஸ்திரியாவில் தொடங்கிய ஆக்சிசன் உலை முறையும், பாஸ்பரசு குறைந்த தாதுக்களின் இறக்குமதியும் பெருகியதால் தாமஸ் முறை 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழக்கொழிந்தது. அதனுடன் தாமஸ் கசடும் அருகிப் போயிற்று. எனினும் ஆக்சிசன் உலைகளின் உட்பூச்சு காரத் தன்மை உடையதே; அவற்றிலும் சுண்ணாம்பே பாஸ்பரசைக் கசடில் பிடித்து வைக்கிறது. இக்கசடு சாலை அமைக்கவும் நிலத்துக்குச் சுண்ணாம்பாகவும் பயன்படுகிறது.