ஒரே நெகட்டிவ், பல பிரிண்ட்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவிலிருந்து போன் வந்ததும், கல்லூரி நினைவுகளைத்தான் எல்லாரும் எழுதுவார்கள், நாம் வேறு ஏதாவது எழுதுவோமே என்று நினைத்தேன். நான் விரும்பிப் படித்த ஒரு புகைப்படக் கலைஞரின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தேன். ஆனால் சுற்றிச் சுற்றி அதுவும் நம் கல்லூரி வாசலில்தான் வந்து நிற்கிறது. என்ன செய்ய!

1978. நான் பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. வகுப்போடு கொடைக்கானல் சுற்றுலா. மாமாவிடம் கெஞ்சி வாங்கிய கேமரா, ஒரே ஒரு கறுப்பு வெள்ளை ரோல், 36 படம். பஸ் மலை ஏறத் தொடங்கியதுமே நானும் தொடங்கிவிட்டேன். குரங்கு, கொண்டை ஊசி வளைவு, ஏரி, நண்பர்கள் வரிசை. பகல் ஒரு மணிக்கு ரோல் காலி. சாயங்காலம் தூண் பாறைக்குப் போனோம். அதுவரை மூடியிருந்த பனி ஒரே ஒரு நிமிஷம் விலகி, பாறைகள் வெயிலில் பளிச்சென்று நின்றன. கையில் கேமரா இருக்கிறது. உள்ளே ஃபிலிம் இல்லை. ஊருக்கு வந்து கழுவிப் பார்த்தால், 36-இல் ஒன்றுகூடத் தேறவில்லை. நமக்குக் கலை வராது என்று அன்றே முடிவு கட்டி, கேமராவை மாமாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிறகு பாங்க் வேலை, குடும்பம், மாற்றல்கள். ஓய்வு பெறும்வரை கேமராவைத் தொடவே இல்லை.

ஓய்வுக்குப் பிறகுதான் ஆன்சல் ஆடம்ஸ் பற்றிப் படித்தேன். அமெரிக்காவின் மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் கறுப்பு வெள்ளையில் எடுத்து உலகப் புகழ் பெற்றவர். 1902 பிப்ரவரி 20-ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தார். நாலு வயசில், 1906 பூகம்பத்தைத் தொடர்ந்து வந்த ஓர் அதிர்வு அவரைத் தோட்டத்துச் சுவரில் தூக்கி எறிந்தது. உடைந்த மூக்கு கடைசிவரை கோணலாகவே இருந்தது. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. அப்பா பையனைத் திட்டவில்லை. வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். 1915-இல் ஊரில் நடந்த பெரிய பொருட்காட்சிக்கு ஒரு வருஷத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கித் தந்து, அதையே பள்ளிக்கூடமாக்கினார். பையன் பியானோவைத் தானாகக் கற்றுக்கொண்டான். அவன் பெரிய பியானோ கலைஞன் ஆவான் என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

1916-இல் குடும்பத்தோடு யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனார்கள். அங்கே பெற்றோர் கையில் கொடுத்த சின்ன கோடக் பிரௌனி பெட்டிக் கேமராதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். அதன் பிறகு ஆயுள் முழுக்க ஒரு வருஷம்கூட அவர் யோசெமிட்டிக்குப் போகாமல் இருந்ததில்லை.

இப்போது 1927 ஏப்ரல் 10-ஆம் தேதிக்கு வருகிறேன். வயசு 25. கனமான கேமரா, 12 கண்ணாடித் தகடுகள், சில நண்பர்கள், பனி படிந்த செங்குத்துச் சரிவு. ஹாஃப் டோம் என்ற பிரம்மாண்டமான பாறையின் முகத்தைப் படம் எடுக்கப் போகிறார். அந்த இடத்துக்கு ஏறிச் சேர்ந்தபோது மிச்சம் இருந்தவை இரண்டே தகடுகள். இதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் கதைதானே! ஆனால் அங்கிருந்துதான் கதை பிரிகிறது. மஞ்சள் ஃபில்டர் போட்டு ஒரு தகட்டை எடுத்தார். எடுத்த பிறகு ஒரு நிமிஷம் யோசித்தார். இது பிரிண்ட் ஆகும்போது எப்படி இருக்கும்? வானம் வெளிறிப் போகும். பாறையின் முன்னால் நிற்கும்போது மனசில் உண்டான பயமும் பிரமிப்பும் அதில் வராது. உடனே அடர் சிவப்பு ஃபில்டருக்கு மாறினார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியைத் தடுத்துவிடும், அதனால் நீல வானம் கறுத்துவிடும் என்பது நம் இயற்பியல் பாடம்தான். கடைசித் தகட்டை அப்படி எடுத்தார். அந்த ஒரு படம் அவர் வாழ்க்கையையே மாற்றியது. கண்ணால் பார்ப்பதைப் படம் பிடிக்காமல், முடிந்த படத்தை மனசுக்குள் முதலில் பார்த்துவிட்டுப் பிறகு விசையை அழுத்துவது என்ற பழக்கம் அன்று பிறந்தது.

அதற்காக அவர் ஒரே நாளில் மேதையாகிவிடவில்லை. ஆரம்பத்தில் அவரும் அந்தக் கால மோஸ்தர்படி, ஓவியம் மாதிரி மங்கலான படங்கள் எடுத்தவர்தான். இசையா படமா என்று பல வருஷம் ஊசலாடினார். 1930-இல் பால் ஸ்ட்ராண்ட் என்ற புகைப்படக்காரரின் நெகட்டிவ்களைப் பார்த்த பிறகே படம்தான் என்று தீர்மானித்தார். 1932-இல் நண்பர்களோடு எஃப்/64 குழுவைத் தொடங்கினார். பக்கத்துக் கல்லும் தூரத்து மலையும் ஒரே தெளிவில் விழ, லென்ஸின் மிகச் சிறிய துவாரத்தை வைப்பார்களே, அந்த எண்தான் குழுவின் பெயர். பிறகு ஃபிரெட் ஆர்ச்சரோடு சேர்ந்து, முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை படிப்படியாகப் பிரித்து அளக்கும் ஸோன் முறையை உருவாக்கி, மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1937-இல் அவருடைய இருட்டறையில் தீப்பிடித்து ஏராளமான நெகட்டிவ்கள் அழிந்தன. பல வருஷம் வயிற்றுப்பாட்டுக்குக் கம்பெனிகளுக்கும் படம் எடுத்துக் கொடுத்தார். அவருடைய சியரா நெவாடா மலைப் படங்கள் 1940-இல் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா உருவாகவும் துணை நின்றன.

அவருடைய மிகப் புகழ்பெற்ற படம் 1941-இல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் எடுத்தது. ஒன்றும் சரியாக அமையாத ஒரு நாளின் சாயங்காலம். காரில் திரும்பும்போது, ஊருக்கு மேலே நிலா, கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள் மேல் கடைசி வெயில். காரை ஓரம் கட்டிவிட்டு ஓடினார். ஒளி அளக்கும் மீட்டரைக் காணோம்! நிலாவின் ஒளி எவ்வளவு என்ற எண் மனப்பாடமாக இருந்ததால் மனக்கணக்குப் போட்டு எடுத்தார். இரண்டாவது தகட்டுக்குத் தயாராவதற்குள் சிலுவைகளின் மேல் வெயில் போய்விட்டது.

கிடைத்த நெகட்டிவும் லேசுப்பட்டதல்ல. கீழ்ப்பகுதி வெளிறி, பிரிண்ட் போடவே கஷ்டமானது. 1948-இல் அந்தப் பகுதியை ரசாயனத்தால் அழுத்தமாக்கினார். பிறகு பல பத்தாண்டுகள் அதே நெகட்டிவிலிருந்து ஆயிரத்துக்கும் மேல் பிரிண்ட் போட்டார். முதல் பிரிண்ட்களில் வானத்தில் மேகக்கீற்றுகள் தெரியும். பின்னால் போட்டவற்றில் வானம் ஒரே கறுப்பு; நிலா மட்டும் தனியாக நிற்கும். நெகட்டிவ் மாறவில்லை, மனிதர் மாறியிருந்தார். நெகட்டிவை இசைக் குறிப்புக்கும் பிரிண்டைக் கச்சேரிக்கும் ஒப்பிடுவது அவர் வழக்கம். அவர் விட்டுவிட்டு வந்ததாக எல்லாரும் நினைத்த பியானோ உள்ளேயே இருந்திருக்கிறது பாருங்கள். 1984 ஏப்ரல் 22-ஆம் தேதி தமது 82-ஆவது வயதில் காலமானார்.

இதையெல்லாம் படித்த பிறகு பரணில் ஏறி, 1978 ரோலைத் தேடி எடுத்தேன். தெரிந்த ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தார். ஏரிக்கரையில் எங்கள் வகுப்பு நிற்கிற படம். இருட்டாக விழுந்தது என்று நான் தள்ளிவைத்தது. நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டே வந்தார். ஓரத்தில் ஒரு முகம் தெரிந்தது. என் அறை நண்பன். சிரிக்கிறான். அவன் போய்ப் பல வருஷம் ஆகிறது. அவன் வீட்டில்கூட அந்த வயசுப் படம் ஒன்றும் இல்லையாம். பிரிண்ட் போட்டு அவன் மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். ஒன்றும் தேறவில்லை என்று நான் நாற்பது வருஷம் சொல்லிக்கொண்டிருந்த ரோல் அது.

தம்பி, தங்கைகளே, உங்கள் போனில் ஆயிரக்கணக்கில் படம் எடுக்கலாம், ரோல் தீராது. ஆனாலும் விசையைத் தொடுவதற்கு முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். முதல் முயற்சி சொதப்பினால் எனக்கு வராது என்று என்னைப் போல அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். பழைய நண்பர்களே, நாம் இங்கே படித்த அந்த மூன்று வருஷம் மாறப்போவதில்லை. ஆனால் ஒவ்வொரு சந்திப்பிலும் அதைப் புதிதாகப் பிரிண்ட் போட்டுப் பார்க்கலாம். அன்று இருட்டில் நின்ற முகங்கள் இன்று தெரியக்கூடும்.

நான் இப்போது வருஷம் ஒரு முறை கொடைக்கானல் போகிறேன். தூண் பாறையில் பனி இன்னும் எனக்காக விலகவில்லை. பரவாயில்லை, கேமராவில் இடம் வைத்திருக்கிறேன்.