நாரதராக நடித்த எம்.எஸ்.!

குட்டீஸ்... என்றாவது விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து வெளியே வந்து பார்த்திருக்கிறீர்களா? பரீட்சை நேரத்தில் அம்மா எழுப்பி விட்டிருப்பாரே, அப்போது!

நீங்கள் கும்மிடிப்பூண்டி பக்கம் இருப்பவர் என்றால், சிப்காட்டுக்குக் காலை ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் அந்நேரமே கிளம்பத் தொடங்கியிருப்பார்கள். டீக்கடையில் பாய்லர் கொதித்துக் கொண்டிருக்கும். திருவள்ளூர்க்காரர் என்றால், வீரராகவப் பெருமாள் கோயில் பக்கம் பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்துக் கொண்டிருப்பார். ஏதாவது ஒரு கடையிலிருந்து வெங்கடேச சுப்ரபாதம் கேட்கும். ஒரு பெண்ணின் குரல். அதைப் பாடியவர் எம்.எஸ்.சுப்புலட்சுமி என்பது உங்கள் பாட்டிக்குத் தெரியும். ஒருவேளை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஆனால், அவர் ஒரு காலத்தில் சினிமாக் கதாநாயகி என்பது தெரியுமா? அதுவும் ஒரு படத்தில் ஆண் வேடம் போட்டவர்! அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

மதுரையில் 1916-ம் ஆண்டு செப்டம்பர் 16-ல் பிறந்தவர் சுப்புலட்சுமி. வீட்டில் செல்லப் பெயர் குஞ்சம்மா. அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர். பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். அண்ணன் மிருதங்கம், தங்கை வீணை. நம் எல்லோருக்கும் அப்பா பெயர்தானே இனிஷியல்? இவருக்கு அப்படி இல்லை. எம் என்றால் மதுரை, எஸ் என்றால் அம்மா சண்முகவடிவு!

பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்று விட்டது. ஆனால், பாட்டுப் படிப்பு நிற்கவில்லை. வீட்டில் ஒரு காகிதத்தைக் குழல் போலச் சுருட்டி வைத்துக் கொள்வாராம். அதுதான் மைக். அதன் முன்னால் உட்கார்ந்து மணிக்கணக்கில் பாடுவாராம்.

ஒருநாள் வீட்டு வாசலில் மண்ணில் விளையாடிக் கொண்டிருந்தாள் குஞ்சம்மா. யாரோ வந்து தூக்கிக் கொண்டு போனார்கள். கை, கால் கழுவி, பாவாடையை மாற்றி, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அம்மா வீணை வாசித்துக் கொண்டிருந்த மேடையில் உட்கார வைத்துப் பாடச் சொன்னார்கள். அவளும் பாடினாள். கைதட்டினார்கள். அவளுக்கோ, பாதியில் விட்டு வந்த மண் விளையாட்டின் மேல்தான் நினைப்பு!

பத்து வயதிலேயே அவர் பாடிய இசைத்தட்டு வெளியாகி விட்டது. 1936-ல் மதுரையை விட்டுச் சென்னைக்கு வந்தார். இரண்டு ஆண்டில் சினிமா.

முதல் படம் சேவாசதனம். வெளியானது 1938-ல். இயக்கியவர் கே.சுப்ரமண்யம். இந்தி எழுத்தாளர் பிரேம்சந்த் எழுதிய நாவல்தான் அதன் மூலக்கதை. அந்தக் காலத்தில் சின்னப் பெண்களை வயதான ஆண்களுக்குக் கல்யாணம் செய்து வைக்கும் கொடுமை இருந்தது. அப்படிச் சிக்கிக் கொண்ட ஒரு பெண்ணாக நடித்தார் சுப்புலட்சுமி. புராணக் கதைகளே ஓடிக் கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு படம் வந்தது பெரிய விஷயம்தான்.

அடுத்தது சகுந்தலை, 1940-ல். துஷ்யந்தனாக நடித்தவர் புகழ்பெற்ற பாடகர் ஜி.என்.பாலசுப்ரமணியம். நாயகனும் பாடகர், நாயகியும் பாடகர். பாட்டுக்குப் பஞ்சமா என்ன? அதே ஆண்டு சுப்புலட்சுமிக்கும் விடுதலைப் போராட்ட வீரர் சதாசிவத்துக்கும் திருநீர்மலையில் திருமணம் நடந்தது.

இப்போது நாரதர் கதை. சதாசிவமும் அவருடைய நண்பர், எழுத்தாளர் கல்கியும் சேர்ந்து ஒரு வாரப் பத்திரிகை தொடங்க ஆசைப்பட்டார்கள். கையில் பணம் இல்லை. அந்த நேரத்தில் சாவித்திரி என்ற படத்தில் நாரதராக நடிக்க எம்.எஸ்.ஸை அழைத்தார்கள். கதாநாயகியாக நடித்த பெண், ஆண் வேடம் போடுவதா? அவருக்குத் தயக்கம்தான். ஆனாலும், பத்திரிகைக்குப் பணம் வேண்டுமே! ஜடாமுடியும் தம்பூராவுமாக நடித்து முடித்தார். அந்தச் சம்பளத்தை வைத்து 1941-ல் கல்கி பத்திரிகை பிறந்தது. பின்னாளில் பொன்னியின் செல்வன் தொடராக வந்தது அந்தப் பத்திரிகையில்தான். வந்தியத்தேவனின் குதிரை ஓடியதில் நாரதருக்கும் ஒரு பங்கு உண்டு!

1945 தீபாவளிக்கு வந்தது மீரா. இயக்குநர் எல்லிஸ் ஆர்.டங்கன் அமெரிக்கர். தமிழே தெரியாது. ஆனாலும் அசல் தமிழ்ப்படம் எடுத்தார். படப்பிடிப்புக்கு முன்பு எம்.எஸ்.ஸின் முகத்தைப் போலவே ஒரு சிலை செய்யச் சொன்னார். அதன் மேல் விளக்கொளியை இப்படியும் அப்படியுமாக விழச் செய்து, எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தால் முகம் அழகாகத் தெரியும் என்று ஒளிப்பதிவாளருடன் சோதித்துப் பார்த்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தின் கிராபிக்ஸ் அது! ராஜஸ்தானுக்கே போய்ப் பல காட்சிகளை எடுத்தார்கள். சின்ன வயது மீராவாக நடித்த சிறுமி, சதாசிவத்தின் மகள் ராதா.

இந்தி மீரா 1947-ல் வந்தது. வடநாட்டு மக்களுக்கு எம்.எஸ்.ஸை அறிமுகப்படுத்தி, படத்தின் தொடக்கத்தில் பேசியவர் கவிஞர் சரோஜினி நாயுடு. இந்தியா முழுக்கப் பெயர் தெரிந்து விட்டது. வேறு யாராவது என்றால் வரிசையாகப் படங்களில் நடித்திருப்பார்கள். எம்.எஸ். அதோடு சினிமாவை நிறுத்திக் கொண்டார். அப்போது அவருக்கு 31 வயது. மொத்தம் நாலே கதைகள்தான்.

அப்புறம் என்ன செய்தார்? பாடினார்... பாடினார்... பாடிக் கொண்டே இருந்தார். அதில் பல கச்சேரிகள் யாருக்கோ உதவுவதற்காக!

உதவிக் கச்சேரி என்றால் என்ன தெரியுமா? ஒரு ஊரில் மருத்துவமனை கட்டப் பணம் வேண்டும் என்று வைத்துக் கொள்ளுங்கள். அரங்கத்தைப் பிடித்து டிக்கெட் விற்பார்கள். பாடுகிறவர் சம்பளம் வாங்க மாட்டார். வசூலான பணம் மருத்துவமனைக்குப் போய்விடும். பாடுகிறவர் பெயர் பெரிதாக இருந்தால்தான் டிக்கெட் விற்கும். சினிமா தேடித் தந்த பெயர் இங்கேதான் கை கொடுத்தது.

இந்தப் பழக்கம் சினிமாவில் இருந்தபோதே தொடங்கியது. 1944 பிப்ரவரியில் காந்திஜியின் மனைவி கஸ்தூரிபா, ஆங்கிலேய அரசின் காவலில் இருக்கும்போதே இறந்து போனார். கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவ, அவர் பெயரில் ஒரு நிதி திரட்டினார்கள். அதற்காக எம்.எஸ். ஐந்து கச்சேரிகள் செய்தார். காந்திஜி நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். கீழே கையெழுத்தைத் தமிழில் போட்டிருந்தார்!

பிறகு மருத்துவமனை, பள்ளிக்கூடம், கோயில் என்று எத்தனையோ காரியங்களுக்குப் பாடினார். 200-க்கும் அதிகமான உதவிக் கச்சேரிகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். எந்தக் கச்சேரி, யாருக்காக என்று முடிவு செய்வதும் பணக் கணக்குப் பார்ப்பதும் சதாசிவம்தான். பாட வேண்டியது மட்டும் எம்.எஸ்.ஸின் வேலை. சம்பாதித்தவர் கையில் கணக்கு இருந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றுவது உண்டு. அந்தக் கால வீடுகள் அப்படி.

சரி, காலையில் கேட்ட சுப்ரபாதத்துக்கு வருவோம். 1963-ல் அது இசைத்தட்டாக வந்தது. ஒவ்வொரு தட்டு விற்கும்போதும் பாடியவருக்கு ஒரு பங்கு பணம் உண்டு. அதற்கு ராயல்டி என்று பெயர். கோயில், வீடு, கடை என்று எல்லா இடத்திலும் ஒலிக்கும் பாட்டு அல்லவா? எவ்வளவு பணம் வந்திருக்கும்! அந்த ராயல்டியைத் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கே கொடுத்து விட்டார் எம்.எஸ்.

1966 அக்டோபர் 23-ல் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். 1974-ல் பிலிப்பைன்ஸ் நாட்டின் மகசேசே விருது கிடைத்தது. பாட்டுக்கு மட்டும் தந்த விருது அல்ல, பொதுத்தொண்டுக்காகத் தந்தது.

ஆனால், வீட்டு நிலைமை வேறு மாதிரி ஆகிவிட்டது. கீழ்ப்பாக்கத்தில் கல்கி கார்டன்ஸ் என்று பெரிய வீடு. பெரிய தோட்டம். எப்போதும் விருந்தாளிகள். பத்திரிகைத் தொழிலில் கடன் ஏறியதால் அந்த வீட்டை விற்க வேண்டி வந்தது. வாடகை வீட்டுக்குக் குடிபோனார்கள். கோடி ரூபாய் திரட்டிக் கொடுத்தவர் வாடகை வீட்டில்!

உதவி என்று பணம் கொடுத்தால் வாங்க மாட்டார்கள் என்பது திருப்பதி தேவஸ்தான அதிகாரிகளுக்குத் தெரியும். அதனால் அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளைப் பாடித் தரும்படி வேலை கொடுத்தார்கள். அவர் வயது அப்போது 60-க்கும் மேல். தெரிந்த பாட்டையே பாடியிருக்கலாம். ஆனால், சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து புதிதாகத் தெலுங்குப் பாடல்களைக் கற்றுக் கொண்டு பாடினார். பாலாஜி பஞ்சரத்னமாலா என்ற பெயரில் இசைத்தட்டுகள் வந்தன.

1997-ல் சதாசிவம் மறைந்தார். அதன்பிறகு எம்.எஸ். மேடை ஏறவில்லை. 1998-ல் பாரத ரத்னா விருது வந்தது. இசைக்கலைஞர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் தடவை. 2004 டிசம்பர் 11-ல், 88 வயதில் காலமானார்.

திருவள்ளூரிலிருந்து திருப்பதி ரொம்பத் தூரமில்லை. காலையில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே போய்விடலாம். அடுத்த முறை வீட்டில் மொட்டை போடக் கூட்டிப் போனால், மலை ஏறுவதற்கு முன் கீழே ஊருக்குள் எம்.எஸ். சிலை எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். 2006-ல் திறந்தது. நாரதர் வேடத்தில் அல்ல, பட்டுப்புடவையில்தான்!