உ.வே.சா.வும் குடந்தைச் சமணப் பெருமக்களும்

தமிழ்த்தாத்தா எனப் போற்றப்பெறும் டாக்டர் உ.வே.சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தவர். உத்தமதானபுரம் அவர்தம் சொந்த ஊர். சிவநெறியில் ஊறிய அந்தணர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர். திருவாவடுதுறை ஆதீனத்தின் அரவணைப்பில் வளர்ந்தவர். அத்தகைய ஒருவர் நம் திருத்தக்கதேவரின் காப்பியத்தை உலகறியச் செய்த வரலாறு, நாம் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியதாகும்.

1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் அவர் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே அவ்வூர் முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதிகளையும் புராணங்களையும் ஐயர் அடுக்கிக் கூறியும் முதலியார் மனநிறைவு கொள்ளவில்லை. சீவகசிந்தாமணியைக் கற்றதுண்டா என வினவினார். ஐயர் கற்றிருக்கவில்லை. முதலியார் கொடுத்த பிரதியைப் படிக்கத் தொடங்கியபோது செய்யுள் இனித்தது. ஆனால் சமய மரபு புலப்படவில்லை. நச்சினார்க்கினியர் உரை இருந்தும் ஐயங்கள் தீரவில்லை.

அந்நிலையில், அவ்வூரிலேயே சமணர் வாழ்வதை அறிந்து அவர்கள் இல்லம் நாடிச் சென்றார். வாயிலில் கோலமும் தோரணமும் விளங்கின. ஏதேனும் விழாவோ என வினவியவருக்கு, பல மாதங்களாகப் படித்து வந்த சிந்தாமணி அன்று நிறைவுற்றது என்னும் விடை கிடைத்தது. கற்பிக்க யாருமில்லை என்று தாம் கவலையுற்ற நூல், அருகிலேயே வழிபாட்டுடன் ஓதப்பெறுவது கண்டு அவர் வியந்தார். சந்திரநாத செட்டியார் முதலிய பெரியோரிடம் நாள்தோறும் சென்று பயின்றார். மும்மணி, வினை, சமவசரணம் என நம் இல்லங்களில் இயல்பாக வழங்கும் சொற்கள் அவருக்கு அரிய பொருளாயின. சமண நூலில் இத்துணை ஈடுபாடா எனச் சைவர் சிலர் குறைகூறியபோதும் அவர் தளரவில்லை. சமணப் பெருமக்களோ அவரைப் பவ்விய சீவன் என்றே கருதி மகிழ்ந்தனர்.

நச்சினார்க்கினியரும் முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்காமையால், சமணரிடையே தங்கிக் கற்று மீண்டும் உரை வரைந்தார் என்றொரு வழக்கு உண்டு. அவ்வழக்கு மீண்டும் நிகழ்ந்தது போலாயிற்று.

1887இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சில் வெளிவந்தது. சிலப்பதிகாரம் 1892இலும், மணிமேகலை 1898இலும், கொங்குவேளிரின் பெருங்கதை 1924இலும் தொடர்ந்தன. ஐயர் இறுதிவரை சைவராகவே வாழ்ந்து, 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் மறைந்தார்.

இவ்வரலாற்றில் நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. நம் முன்னோர் சிந்தாமணியைப் பக்தியோடு போற்றினர். எனினும், அது தமிழர் அனைவருக்கும் உரிய பெருங்காப்பியம் என்பதை ஊரறியக் காட்டியது பிறர் ஒருவரின் கண். அதே வேளை, அக்கண்ணுக்கு ஒளி தந்தது நம் இல்லத்துக் கல்வி. விடை கூற அங்கே பெரியோர் இல்லாதிருந்தால், ஐயரின் ஐயங்கள் ஐயங்களாகவே நின்றிருக்கும்.

இன்று நூல் அச்சில் எளிதாகக் கிடைக்கிறது. நாளை மற்றொருவர் நம் வாயிலில் நின்று பொருள் கேட்டால் விடை கூறுவார் யார்? வீடுதோறும் நாளொன்றுக்கு ஒரு செய்யுளேனும் சிறார்க்குப் பொருளுடன் ஓதுவிப்போமாக. அதுவே குடந்தைப் பெரியோர்க்கும் ஐயர் அவர்கட்கும் நாம் செலுத்தும் நன்றியாகும்.