காத்திருந்த நேரத்துக்கும் கூலி!

லாரித் தொழிலாளர் தலைவர் ஹாபாவின் கதை

அமெரிக்க லாரி டிரைவர்களின் தலைவராக விளங்கியவர் ஜிம்மி ஹாபா. கூலியாளாக வாழ்க்கையைத் தொடங்கி, பெரும் தலைவராக உயர்ந்தார். சிறைக்கும் போனார். கடைசியில் மாயமாய் மறைந்தார்!

ஏழைக் குடும்பம்

1913-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி, இண்டியானா மாநிலத்தில் ஒரு சிற்றூரில் ஹாபா பிறந்தார். 7 வயதில் தந்தையை இழந்தார். தாயார் பிறர் துணிகளை வெளுத்து, 4 குழந்தைகளையும் வளர்த்தார்.

1924-ல் குடும்பம் டெட்ராய்ட் நகருக்குக் குடியேறியது. 14 வயதில் ஹாபா படிப்பை நிறுத்திவிட்டு, வேலைக்குப் போனார்.

இரவு வேலை

பிறகு, ஒரு மளிகைக் கம்பெனியின் கிடங்கில் சரக்கு இறக்கும் வேலை கிடைத்தது. மாலையில் போனால் விடியும் வரை, 12 மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும்.

கூலி மணிக்கு 32 சென்ட். (100 சென்ட் ஒரு டாலர்.) ஆனால், சரக்கு இறக்கும் நேரத்துக்குத்தான் அந்தக் கூலி. சரக்கு வரும் வரை காத்துக் கிடக்க வேண்டும். வீட்டுக்குப் போகக்கூடாது. அந்த நேரத்துக்கு ஒரு காசும் கிடையாது!

மேஸ்திரி நினைத்தால், யாரையும் வேலையை விட்டு நீக்கலாம். ஊரெங்கும் வேலை இல்லாத் திண்டாட்டம். ஆகவே, எல்லோரும் பொறுத்துக் கொண்டார்கள்.

பழம் வந்தது

1931-ல் ஓர் இரவு, 2 தொழிலாளர்கள் வெளியே தள்ளுவண்டியில் சாப்பிடப் போனார்கள். அதற்காக அவர்களை மேஸ்திரி நீக்கிவிட்டார்.

ஹாபாவும் தோழர்களும் கொதித்தார்கள். ஆனால் அவசரப்படவில்லை. தக்க சமயத்துக்காகக் காத்திருந்தார்கள்.

ஒரு நாள் ஸ்ட்ராபெர்ரிப் பழங்கள் வந்து இறங்கின. குளிர்ச்சியில் வைக்காவிட்டால் சீக்கிரம் அழுகிவிடும் பழம் அது. பாதி இறக்கியதும் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள்.

கம்பெனி பேச்சுவார்த்தைக்கு இணங்கியது. கூலி உயர்ந்தது. வேலைக்கு வந்தவருக்குக் குறைந்தது அரை நாள் கூலி உண்டு என்று ஒப்பந்தம் ஆயிற்று. அப்போது ஹாபாவுக்கு 18 வயது!

டிரைவர்களின் தலைவர்

அடுத்து ஹாபா லாரித் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தார். இரவில், சாலை ஓரம் லாரியில் தூங்கும் டிரைவர்களை எழுப்பி, சங்கத்தில் சேர்த்தார். 1957-ல் சங்கத்தின் தலைவர் ஆனார்.

1964-ல் நாடு முழுவதுக்கும் ஒரே ஒப்பந்தம் செய்தார். சுமார் 4 லட்சம் பேருக்கு அது பொருந்தியது.

சங்க ஒப்பந்தங்களின்படி, சரக்கு ஏற்றக் காத்திருந்தாலும், வழியில் லாரி பழுதானாலும் டிரைவருக்கு மணிக்கணக்கில் கூலி உண்டு. தகுந்த காரணம் இல்லாமல் யாரையும் நீக்க முடியாது. முதலில் எழுத்து மூலம் எச்சரிக்க வேண்டும். திருட்டு, குடி போன்ற பெரும் குற்றங்களுக்கு மட்டும் விலக்கு. புகாரை, இரு தரப்பிலும் சம எண்ணிக்கை கொண்ட குழு விசாரிக்கும்.

வீழ்ச்சி

பிறருக்கு நியாயம் கேட்ட ஹாபா, தாம் நேர்வழியில் நிற்கவில்லை. குற்றக் கும்பல்களுடன் பழகினார். ஜூரிகளைக் கலைக்க முயன்றதாகவும், சங்க ஓய்வூதிய நிதியில் மோசடி செய்ததாகவும் 1964-ல் தண்டிக்கப்பட்டார். 1967-ல் சிறை சென்றார். 1971-ல் ஜனாதிபதி நிக்சன் தண்டனையைக் குறைத்ததால் விடுதலையானார்.

1975-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி, டெட்ராய்ட் அருகே ஓர் ஓட்டலுக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. இறந்துவிட்டதாக 1982-ல் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.

ஹாபாவின் பெயருக்குக் களங்கம் ஏற்பட்டது. ஆனால், தொழிலாளி காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்று அவர் பெற்றுத் தந்த உரிமையால், லட்சக்கணக்கான குடும்பங்களில் அடுப்பு எரிந்தது.