மார்க்கோ போலோ

வெனிஸ் நகரத்து வணிகராகிய நிக்கொலோ போலோவும் அவருடன்பிறந்த மாபெயோவும் கீழ்த்திசையிற் பல்லாண்டு திரிந்து, மங்கோலியப் பேரரசராகிய குப்லாய்கானைக் கண்டு, 1269-ல் ஊர் திரும்பினர். அதற்குள் நிக்கொலோவின் மனைவியார் இறந்துபோயினார். 1254-ல் பிறந்த மகன் மார்க்கோ தாயில்லாப் பிள்ளையாய் எதிர்நின்றான். 1271-ல் மீண்டும் புறப்பட்டபோது அவனையும் உடன்கொண்டு சென்றனர்.

பாமீர் மலைகளையும் கோபிப் பாலைவனத்தையுங் கடந்து சீனம் அடைந்த மூவரும், கானிடம் பதினேழாண்டு தங்கினர். பின்பு கடல்வழியாய் மீண்டு 1295-ல் வெனிஸ் சேர்ந்தனர். நம் பாண்டிநாட்டுக் காயல் துறையின் வாணிகச் சிறப்பையும் மார்க்கோ தம் நூலிற் கூறியுள்ளார்.

அந்நூல் பிறந்த இடமோ சிறைச்சாலை! ஜெனோவா நகரத்தாராற் சிறைப்பட்ட அவர், 1298-ல் உடன்சிறையிருந்த ருஸ்திக்கெல்லோ என்பாருக்குத் தம் பயணங்களைச் சொல்ல, அவர் எழுதினார். அதனைக் கட்டுக்கதை என்று இகழ்ந்தாரும் உளர். மார்க்கோ 1324-ல் இறந்தார். ஏறக்குறைய இருநூறாண்டு சென்றபின், கொலம்பஸ் அந்நூலின் ஓரங்களிற் குறிப்பெழுதிக் கற்றார்.

தந்தையார் முன்னரே அவ்வழி சென்றவர்; ஆயினும் அவர் பெயரும் மகனது நூலாலன்றோ இன்று நிலைபெற்றுள்ளது? காண்பது பெரிது, கண்டதைப் பிறர்க்கு எழுதிவைத்தல் அதனினும் பெரிதென நாம் உணர்வோமாக.